ஒரே அறையில் உறங்கியவர்

என் மகள் அந்தத் தாளைக் கொண்டுவந்த அன்று நான் வாசலில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் செதில். அதனால் தாளை என்னிடம் நீட்டாமல் அவளே பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள்.

அவள் திருவொற்றியூரில் ஒரு சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காசநோய்க்காரர்களுக்கு மாத்திரை கொடுப்பது, வராதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, சளி பிடிக்க டப்பா கொடுத்து அனுப்புவது, இதெல்லாம் அவள் வேலை. அங்கே ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் வந்திருந்தார்களாம். இந்தத் தடவை நோயாளிகளின் ரத்தம் அவர்களுக்கு வேண்டாமாம். நோயாளியோடு மாதக்கணக்கில் ஒரே வீட்டில் இருந்து, அவர் விட்ட மூச்சையே இழுத்து, அப்படியும் நோய் வராமல் நடமாடுகிறவர்களின் ரத்தம்தான் வேண்டுமாம்.

"நான் ஒடனே ஒன் பேர குட்த்துட்டேன்ம்மா," என்றாள். "ஒன்ன வுட்டா வேற யாரு கீறாங்க? அப்பா கூட எட்டு மாசம் அந்த ரூம்புல கெடந்தியே. ஒரு தும்மல் வந்துச்சா உனுக்கு?"

நான் மீனைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன்.

எதிர்வீட்டுக்காரி குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தவள் நின்று கேட்டாள். "இன்னாடி, ஒங்கம்மா ரத்தத்துக்கு டாக்டருங்க வந்துகீறாங்களாமே?"

"ஆமா ஆயா. ஆராய்ச்சிக்கு."

"எடுக்கட்டும் எடுக்கட்டும். ஒங்கம்மாவ கடிச்ச கொசு எங்கூட்டுக்கு வந்துச்சுன்னா பயில்வானாட்டம் சுத்துதுடி. அடிச்சா சாவ மாட்டேங்குது."

மகள் சிரித்தாள். நானும் உதட்டைக் கொஞ்சம் அசைத்தேன். நாலு பேர் பேசுகிற இடத்தில் எனக்கு எப்போதுமே பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாவது வரை படித்தேன். அந்த ஐந்து வருடத்தில் டீச்சர் கேட்டு நான் எழுந்து பதில் சொன்னது விரல் விட்டு எண்ணுகிற தடவைதான் இருக்கும். பேசாமல் இருப்பவளை ஊர் நல்லவள் என்று நினைத்துக்கொள்கிறது. எனக்கு அது வசதியாக இருந்தது.

தாளில் நிறையக் கேள்விகள். வயது, வீட்டில் எத்தனை பேர், நோயாளி எத்தனை மாதம் இருமினார் என்றெல்லாம். மகள் ஒவ்வொன்றாகப் படித்து அவளே நிரப்பினாள். நடுவில் ஒரு கேள்வி வந்தது. "நோயாளியுடன் ஒரே அறையில் உறங்கியவரா?"

"இத்த வேற கேக்கணுமா?" என்று சொல்லி, ஆம் என்ற கட்டத்தில் பேனாவால் அழுத்தி ஒரு டிக் போட்டாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

நான் அந்த அறையில் உறங்கவில்லை. அந்த எட்டு மாதத்தில் ஒரு ராத்திரிகூட. அங்கே பாய் போட்டுப் படுத்தவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. இது என் மகளுக்குத் தெரியாது. அப்போது அவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். நோய் ஒட்டிவிடும் என்று அவளை எண்ணூரில் என் தங்கை வீட்டில் விட்டிருந்தோம். அவள் திரும்பி வந்தபோது அவளுடைய அப்பா இல்லை. ஊரே என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் குழம்பு கொதிக்கும்போது, ரத்தத்தில் என்னதான் தேடுகிறார்கள் என்று மகளைக் கேட்டேன்.

"ஆன்டிபாடின்னு ஒன்னு கீதும்மா. தமிழ்ல எதிர்ப்பொருள்னு சொல்வாங்க. வெளியேர்ந்து கிருமி வந்தா நம்ம ரத்தமே அத்த தயார் பண்ணும். அது போயி கிருமிய புடிச்சிக்கும்."

"வலையாட்டமா?"

"ஆங், அப்டி வெச்சிக்கயேன். எல்லார் ரத்தத்துலயும் வல கீது. ஆனா இந்த டிபி கிருமி சரியான கேடி. கிருமிய துன்றதுக்குன்னே ஒடம்புல ஒரு அணு கீது. இது அதுக்குள்ளாறயே பூந்து குந்திக்கும். உள்ள பூந்துட்டா வல இன்னா பண்ணும்? அதனால டிபிக்கு இதால பெருசா பிரயோஜனம் இல்லன்னு ரொம்ப காலம் நெனச்சிகினு இருந்தாங்களாம். இப்ப சந்தேகம் வந்துகீது. செல பேரு வருஷக் கணக்கா நோயாளிங்க கூடவே இருந்தும் தப்பிச்சிக்கிறாங்க. அவங்க ரத்தத்துல கீற வல வேற மாதிரி கீதாம். கிருமி உள்ள பூறதுக்கு முன்னாடியே புடிக்குதோ, இல்ல பூந்தப்புறமும் எதுனா செய்யுதோ. அத்த தெரிஞ்சிக்கத்தான் ரத்தம் கேக்கறாங்க."

"தெரிஞ்சா?"

"நாளைக்கு ஒரு தடுப்பூசிக்கு வழி கெடைக்கலாம்ல. எங்க சென்டருக்கு வர்ற பசங்கள நீ பாக்கணும்மா. சின்னச் சின்னப் பசங்க."

வலை என்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதுதான் தொந்தரவு. வஞ்சிரத்துக்குப் போடுகிற வலையில் நெத்திலி நிற்காது. கண் சின்னதாக இருக்கிற வலையில் நிற்கும். எந்த வலை எதைப் பிடிக்கும் என்று கடலில் இறக்கினால்தான் தெரியும். என் வலை கடலில் இறங்கவே இல்லை. கரையில் சுருட்டி வைத்த வலை கிழியவில்லை என்பதில் என்ன பெருமை?

என் வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போனவர். போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள். முதல் தடவை அவருக்கு டிபி வந்தபோது ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். இருமல் நின்றது, உடம்பில் சதை போட்டது, படகுக்குக் கிளம்பிவிட்டார். மாத்திரை வீட்டு அலமாரியிலேயே இருந்தது. படகில் எல்லாரும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கே ஒருத்தர் மட்டும் கை நிறைய மாத்திரையைப் பிரித்து விழுங்கினால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று அவருக்குப் பயம். அந்த வருடத்துக்குள் இருமல் திரும்பி வந்தது. இந்தத் தடவை ரத்தத்தோடு வந்தது. "கொஞ்ச நாளு வூட்ல ரெஸ்ட் எடு நைனா" என்று கூட்டாளிகள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவர் சாப்பிட்டு எழுந்த தட்டிலேயே நான் போட்டுச் சாப்பிடுவேன். என் அம்மா அப்படித்தான், மாமியார் அப்படித்தான். யாரும் சொல்லித்தந்ததில்லை. கல்யாணமான மறுநாளிலிருந்து அப்படியே போய்க்கொண்டிருந்தது. அவர் ரத்தம் துப்பிய அன்று மத்தியானம், அவர் தட்டை எடுத்துப்போய்க் கழுவினேன். சாம்பல் போட்டு இரண்டு தடவை தேய்த்தேன். அப்புறம் வேறு தட்டை எடுத்துப் போட்டுச் சாப்பிட்டேன். சுவரில் சாய்ந்தபடி அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் சாப்பிட்டதும் அவரே எழுந்து தட்டைக் கழுவி, மற்றத் தட்டுகளோடு சேர்க்காமல் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் தனியாகக் கவிழ்த்து வைத்தார்.

அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

எனக்குப் பயம். அதற்குக் காரணமும் இருந்தது. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அப்பன், மகன், மருமகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பேர் இருமிச் செத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் பயந்தது எச்சில் தட்டுக்கு. இப்போது என் மகள் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறாள், தட்டில் வராது, டம்ளரில் வராது, இருமுகிற காற்றில்தான் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று. அன்று நான் தட்டைத் தேய்த்தேன், ஜன்னலை அடைத்தேன்.

எங்கள் வீடு ஒற்றை அறை. கடல் பக்கம் ஒரே ஜன்னல். கடல்காற்று பட்டால் இருமல் அதிகமாகும் என்று நினைத்தேன். மணலிப் பக்கத்து ஆலைப் புகை நாற்றம் வேறு சில நாள் வரும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அவர் இருமுவது தெருவுக்குக் கேட்கக் கூடாது. பழைய தார்ப்பாயை நாலாக மடித்து, ஜன்னல் சட்டத்தில் வைத்து, அம்மிக் குழவியால் ஆணி அடித்தேன். சுற்றிலும் ஒரு விரல் இடைவெளிகூட விடவில்லை. நல்லது செய்கிறோம் என்றுதான் அடித்தேன்.

அவர் ரத்தம் துப்பிய ராத்திரியிலிருந்தே நான் வாசலில் பாய் போட்டுக்கொண்டேன். நாலைந்து நாளில் கொருக்குப்பேட்டையிலிருந்து நாத்தனார் வந்தார். பிள்ளை குட்டி இல்லாதவர், புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு தனியாக இருந்தார். வந்ததும் தம்பியைப் பார்த்தார், பானைக்குப் பின்னால் கவிழ்ந்திருந்த தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பயமா கீதாமே?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உனுக்கு ஒரு பொண்ணு கீது. நீயும் படுத்துட்டா அது இன்னா ஆவும்? எனுக்கு யாரு கீறா, போனா போறேன். நீ வெளியவே படு. சோறாக்கிக் குட்த்தா போதும்."

வேண்டாம் அண்ணி என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அன்றே என் பாயைச் சுருட்டிக்கொண்டு மூன்று வீடு தள்ளித் தனியாக இருந்த ஒரு கிழவியின் வீட்டுக்குப் போனேன். அங்கேயே சமைத்து, இரண்டு வேளையும் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு "வந்துட்டேன் அண்ணி" என்பேன். அவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். வாசலில் நின்றபடியே என் வீட்டுக்காரரோடு இரண்டு வார்த்தை பேசுவேன். "இன்னிக்கு இன்னா மீனு வந்துகீது?" என்று கேட்பார். சொல்வேன். உள்ளே வா என்று அவர் ஒரு நாளும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. தெரியாது என்று எழுதுவதும் பொய்தான். போயிருக்க மாட்டேன்.

நாத்தனார் பானைக்குப் பின்னாலிருந்த தட்டை எடுத்து வந்து, தம்பி சாப்பிட்டதும் அதிலேயே போட்டுத் தின்றார். வாசலில் நின்ற எனக்குத் தெரிகிற மாதிரிதான் தின்றார். அந்த அடைத்த அறையில், தம்பியின் இருமலுக்கு இரண்டு முழம் தள்ளிப் படுத்தார். அவரைப் பிடித்து உட்காரவைத்து, சளியைத் துடைத்து, மாத்திரையை வாயில் போட்டு விழுங்குகிற வரை பார்த்தார். சுகாதார ஊழியர் அட்டை கொண்டுவந்து, மாத்திரை கொடுப்பவர் யார் என்று கேட்டபோது, "பொண்டாட்டி பேர எழுதிக்கோ. எம் பேரு எதுக்கு, நான் இன்னிக்கு கீறேன், நாளைக்கு போறேன்" என்று நாத்தனார்தான் சொன்னார். ஊழியர் வாசலில் நின்ற என்னைக் கேட்டு என் பெயரை எழுதினார்.

இரண்டாவது தடவை வந்த நோய் மாத்திரைக்கு அடங்கவில்லை. ஒரு நாள் காலையில் நான் கஞ்சியோடு படியேறும்போது உள்ளே ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டது. நாத்தனார் வெறும் கையால் தார்ப்பாயை இழுத்துக் கிழித்துக்கொண்டிருந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அறைக்குள் வெளிச்சம் விழுந்தது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடியிருந்தார். அப்போதுதான் நான் உள்ளே போனேன்.

நோய்க்குப் பயந்து எங்கள் வாசல் பக்கம் வராமல், நான் சோறு கொண்டுபோவதை மட்டும் தூரத்திலிருந்து பார்த்திருந்த பெண்கள் எழவு கேட்க வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "மூஞ்ச சுளிக்காம பாத்துகினாளே! ஊரே ஓடிப்பூட்டாலும் இவ நின்னாளே!" என்று ஒருத்தி மாரில் அடித்துச் சொன்னாள். மூன்று வீடு தள்ளியிருந்த கிழவிக்கு உண்மை தெரியும். அவளும் சும்மா இருந்தாள். நாத்தனார் மூலையிலிருந்து ஒரே ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஒரு நாள் மூடியது இரண்டு நாள் ஆனது, அப்புறம் இருபது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. என் பெயர் எழுதிய அந்த மாத்திரை அட்டையை என் மகள் உறையில் போட்டு இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். இந்த வேலைக்குப் படிக்கப் போனதற்கே அதுதான் காரணம் என்று எல்லாரிடமும் சொல்வாள்.

நாத்தனார் அதன் பிறகு ஒரு காசநோய் வார்டில் ஆயா வேலைக்குப் போனார். ஓய்வு பெறுகிற வரை அங்கேதான் இருந்தார். தம்பியின் நினைவுநாளுக்கு வருடம் தவறாமல் வருவார். படையலில் நிற்பார், சாப்பிடாமல் போய்விடுவார்.

குழம்பை இறக்கி வைத்துவிட்டு மகளிடம், உங்கள் அத்தையைக் கூப்பிடவில்லையா என்று கேட்டேன்.

"அவங்களையும் கேட்டேன். வார்டுலயே கெடந்தவங்களாச்சே, எக்ஸ்ரே கூட சுத்தமா கீது. டாக்டரம்மா அவங்கள எப்டியாவது கூட்டினு வாங்கன்னு சொன்னாங்க. அத்த முடியாதுன்னுட்டாங்கம்மா. 'எம் பேச்ச எடுக்காத, ஒங்கம்மா ரத்தமே போதும்'னு கதவ சாத்திட்டாங்க. அவங்களுக்கு எப்பவுமே நம்ம மேல ஒரு கடுப்பு."

என்னால்தான் அவர் கதவைச் சாத்தினார் என்பது மட்டும் எனக்குப் பட்டென்று தெரிந்தது. ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாள் இருந்தது.

மறுநாள் காலை கொருக்குப்பேட்டைக்குப் போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பெட்டிக்குப் பெட்டி திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. கேட் திறந்ததும் பின்னாலிருந்தவர்கள் தள்ளிக்கொண்டு போனதில் நானும் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

நாத்தனார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"இன்னாமே, அதிசயமா வந்துகீற? ஒன் ரத்தத்துக்கு மாலை கீலை போடறாங்களாமே, அதுக்கு பத்திரிக வெக்க வந்தியா?"

"அண்ணி, நீங்க வரணும்."

"எதுக்கு? கை தட்டறதுக்கா?"

"ரத்தம் குடுக்க. அவங்க தேடறது ஒங்க ரத்தம்தான்."

"எனுக்கே பத்தல, இதுல அவங்களுக்கு வேறயா?" என்று முறத்தைத் தட்டினார். ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒம் பொண்ணு அந்த தாள எங்கிட்ட படிச்சி காட்டுச்சிமே. வூட்ல எந்த நோயாளி கூட இருந்த, எத்தினி மாசம், ஒரே ரூம்புல படுத்தியான்னு கேட்டுகீறாங்க. நான் ஆமான்னு சொன்னா தம்பி பேர சொல்லணும். அந்த எட்டு மாசத்த சொல்லணும். அது ஒம் பொண்ணு கையாலயே எழுதும். அப்பால நீ இன்னா ஆவ? இல்லன்னு சொன்னா அது பொய்யி. டாக்டருங்க கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். வார்டுல பொய் சொன்னவங்கள்லாம் எப்டி செத்தாங்கன்னு பாத்தவ நான். அதான் வேணாம்னுட்டேன்."

எனக்காகத்தான் கதவைச் சாத்தியிருக்கிறார். கடுப்பு என்று என் மகள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லிடறேன் அண்ணி," என்றேன்.

"நீயா?" சிரித்தார். "சந்தைல கத்திரிக்கா சொத்தைன்னு சொல்றதுக்கே வாய் வராது உனுக்கு."

"சொல்லிடறேன்."

"சொல்லு. சொல்லிட்டு ஆளு அனுப்பு. நான் வரேன்." திரும்பவும் புடைக்க ஆரம்பித்தார். நான் வாசலைத் தாண்டும்போது, "டீ குட்ச்சிட்டு போமே" என்றார். குடித்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே வீட்டில் மகளிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவள் நான் உடுத்திப் போக வேண்டிய புடவையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். "சாப்ட்டியா?" என்றுதான் வந்தது.

சுகாதார நிலையத்தில் ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர், மெதுவாகப் பேசினார். என் மகள் தாளோடு அவர் பக்கத்தில் நின்றாள். "எங்கம்மா மேடம்" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் எழுத மாட்டேன்.

டாக்டரம்மா தாளைப் பார்த்துக்கொண்டே வந்தார். "ஒரே ரூம்ல எட்டு மாசம். சரி. அந்த ரூம்ல ஜன்னல் இருந்துச்சாம்மா? திறந்து வைப்பீங்களா?"

அது தாளில் இல்லாத கேள்வி. அதற்கு மகள் டிக் போட்டிருக்கவில்லை. என்னைத்தான் இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"மூடியிருந்துச்சு," என்றேன். "நான்தான் தார்ப்பாய் வெச்சி ஆணி அடிச்சேன். அடிச்சிட்டு நான் வெளிய போயிட்டேன். நான் அங்க படுக்கல. எங்க நாத்தனார் படுத்தாங்க. மாத்திரை குட்த்ததும் அவங்கதான். நான் ஒரு நாளும் உள்ள போகல."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாம்மா சொல்ற?" என்றாள் என் மகள்.

"அந்த டிக்க அழிச்சிடு," என்றேன்.

டாக்டரம்மாதான் முதலில் பேசினார். "சொன்னது ரொம்ப நல்லதும்மா. இது தெரியாம ஒங்க ரத்தத்தப் பாத்திருந்தா, தப்பான இடத்துல தேடியிருப்போம். நோய் வராததுக்கு ரத்தம் காரணமா, காத்து காரணமா, அதிர்ஷ்டமான்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. அதனாலதான் இவ்வளவு கேக்குறோம்."

நான் எழுந்துகொண்டேன்.

"எங்க போறீங்க? உக்காருங்க. நோயாளி பக்கத்துல போகாதவங்க ரத்தமும் வேணும். ரெண்டையும் வெச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும்."

நர்ஸ் என் கையில் ரப்பரைக் கட்டினார். என் மகள் பேனாவை எடுத்து, அவள் போட்ட டிக்கைக் கோடு போட்டு அடித்து, இல்லை என்ற கட்டத்தில் புதிதாகப் போட்டாள். அடித்த இடத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டாள். அப்படிப் போட வேண்டும் என்பது அவர்கள் விதி. அப்புறம் என்னைப் பார்க்காமல் வெளியே போனாள்.

அவள் ஆட்டோவில் கொருக்குப்பேட்டைக்குப் போனது எனக்கு அப்புறம்தான் தெரியும். ஒரு மணி நேரம் கழித்து நாத்தனாரோடு வந்தாள். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். நர்ஸ் நரம்பைத் தேடித் தேடித் தட்டினார்.

"நல்லா குத்துமே. நான் பாக்காத ஊசியா? வார்டுல எத்தினி பேர புடிச்சிகினு நின்னுகீறேன்."

அவர் ரத்தம் கருஞ்சிவப்பாகக் குழாயில் ஏறியது. என்னுடையதும் அதே நிறம்தான். இரண்டிலும் சீட்டு ஒட்டினார்கள். அவர் குழாய் ஒரு பெட்டியில் போனது, என்னுடையது வேறு பெட்டியில். அவர் ரத்தத்தில் அந்த வலை இருக்கிறதா என்று தெரியச் சில வருடம் ஆகலாமாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாமாம். "அதுக்குள்ள நான் போய்ட்டன்னா முடிவ யாரு கிட்ட சொல்வீங்க?" என்று நாத்தனார் கேட்டார். டாக்டரம்மா சிரித்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்.

அங்கிருந்து மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தோம். நான் கூப்பிடவில்லை, மகள்தான் ஆட்டோக்காரரிடம் எங்கள் தெருவைச் சொன்னாள். அந்த வீடு இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது, மேலே ஓர் அறை எடுத்திருக்கிறோம். கடல் பக்கத்து ஜன்னல் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. நாத்தனார் நுழைந்ததும் நேராக அங்கே போய் நின்றார். சட்டத்தில் பழைய ஆணித் துளைகள் இன்னும் தெரியும். ஒரு துளையை விரலால் தடவிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்.

சோறும் நெத்திலிக் குழம்பும் போட்டேன். தம்பி போன பிறகு, இத்தனை வருடத்தில் அவர் எங்கள் வீட்டில் கை நனைத்தது அன்றுதான். "உப்பு கம்மி" என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அவர் எழுந்து கை கழுவப் போனதும் நான் அந்தத் தட்டை என் பக்கம் இழுத்து, அதிலேயே சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினேன்.

நாத்தனார் திரும்பி வந்து பார்த்தார்.

"அய்ய, கழுவிட்டு துன்னுமே. கலீஜு."

நான் பிசைந்து வாயில் வைத்தேன். அவர் எதிரில் உட்கார்ந்தார். நான் தின்று முடிக்கிற வரை எழுந்திருக்கவில்லை.

என் மகள் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த எட்டு மாதத்தைப் பற்றி அவள் இன்னும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பீரோவில் இருந்த அட்டையை மட்டும் எடுத்து அத்தையிடம் கொடுத்துவிட்டாள். அவள் கேட்கிற அன்று, எதையும் விடாமல் சொல்வதற்காக இதை எழுதி வைக்கிறேன்.